ஒரிஜினல்ல இப்படித்தான்

விழுப்புரத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கும் அண்ணன் ஒருவரிடம் நான் சொன்ன இரண்டு சொற்கள் இன்றும் என்னைக் கூச வைக்கின்றன. நான் செய்துகொண்டு போயிருந்த பெடலில் அவர் தன் கீபோர்டைச் சொருகினார். நாலு கட்டை வாசித்தார். நிறுத்தினார். “தம்பி, இது எப்பவும் வாயைத் தொறந்துகிட்டே கீது. மூடவே மாட்டேங்குதே” என்றார். நான் சொன்னேன்: “ஒரிஜினல்ல இப்படித்தான்ணா.”

அவர் மறுத்துப் பேசவில்லை. “சரிப்பா, உன் மெஷினு, உனக்குத்தான் தெரியும்” என்று கேபிளைச் சுருட்டி வைத்துவிட்டார். நான் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் படித்தவன். அவர் பத்தாவதோடு நின்றவர். அந்த மேடைக்குப் பின்னால் நாங்கள் இரண்டு பேரும் அந்தப் படிநிலைக்குக் கட்டுப்பட்டு நடந்துகொண்டோம். ஆனால் அன்றைக்குச் சரியாகப் பேசியவர் அவர். உளறியவன் நான். அந்த உளறல் என்னுடையது மட்டுமில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சாமான் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பெயர் என்வலப் ஃபில்டர். கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்காரும் ஒரு பெட்டி. மோர்சிங் பார்த்திருப்பீர்கள். அந்த இரும்பு நாக்குக்கு ஒரே சுருதிதான். வாசிப்பவர் வாயின் குழிவை மாற்ற மாற்ற, அதே சுருதிக்குள் இருக்கும் வேறு வேறு மேலொலிகள் எழும்பி வருகின்றன. ‘ஓ’ என்கிறது, ‘ஆ’ என்கிறது, ‘ஈ’ என்கிறது. என்வலப் ஃபில்டர் அந்த வாயை மின்சாரத்தில் செய்த பெட்டி. வாய் எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை வாசிப்பவரின் விரல் தீர்மானிக்கிறது. தந்தியை ஓங்கித் தட்டினால் வாய் அகலத் திறக்கும். மெல்லத் தட்டினால் கொஞ்சமாகத் திறக்கும். ஒலி தேயத் தேய வாய் மூடும். “வ்வா” என்று கிட்டார் பேசுவது இப்படித்தான்.

இந்த வகைப் பெட்டிகளுக்கெல்லாம் மூத்தவர் என்று இன்று கும்பிடப்படுவது 1972ல் அமெரிக்காவில் மைக் பைகலும் ஆரன் நியூமனும் தொடங்கிய மியூசிட்ரானிக்ஸ் நிறுவனத்தின் ‘மியூ-டிரான் 3’. ஸ்டீவி வொண்டர் 1973ல் வெளியிட்ட ‘ஹையர் கிரவுண்ட்’ பாட்டில் அந்த வாய் பேசுவதைக் கேட்கலாம். நிறுவனம் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நொடித்துப்போனது. மிச்சம் இருக்கும் பழைய பெட்டிகளுக்கு இன்று கொடுக்கும் விலையில் நம்மூரில் நல்ல நிலையில் ஒரு செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கலாம். அதனால் உலகம் முழுக்க ஆட்கள் அதன் சர்க்யூட்டைப் பார்த்து நகல் செய்கிறார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். திண்டிவனத்தில், அப்பா வீட்டு மாடி அறையில், இரண்டு மழைக்கால வார இறுதிகளில் செய்தேன்.

*

செய்ததைச் சொல்லாமல் சண்டைக்குப் போவது நியாயமில்லை.

கிட்டார் அனுப்புவது சுமார் பத்தில் ஒரு பங்கு வோல்ட். அதை முதல் ஆம்ப் பெருக்குகிறது. அங்கிருந்து பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று ஃபில்டருக்குப் போகிறது. இன்னொன்று ரெக்டிஃபையருக்குப் போய், ஒரு கெபாசிட்டரில் சமன்பட்டு, ஒரு எல்.இ.டி.யை எரிக்கிறது. ஓங்கி வாசித்தால் எல்.இ.டி. பிரகாசமாக எரியும். அந்த எல்.இ.டி.க்கு எதிரே இரண்டு எல்.டி.ஆர். இருக்கின்றன. தெருவிளக்கு இருட்டினால் தானாக எரிய வைப்பார்களே, அதே சாமான். வெளிச்சம் பட்டால் அதன் மின்தடை குறையும். அந்த இரண்டும் ஃபில்டரின் இரண்டு கைகள். தடை 100 கிலோ ஓமில் இருக்கும்போது, 4.7 நானோ ஃபாரட் கெபாசிட்டரோடு சேர்ந்து ஃபில்டர் ஏறத்தாழ 340 ஹெர்ட்ஸில் நிற்கும். வெளிச்சம் பட்டுத் தடை 10 கிலோ ஓமாக இறங்கினால் 3400க்கு ஏறிவிடும். அந்த ஏற்றம்தான் ‘ஓ’விலிருந்து ‘ஈ’ வரைக்குமான வாய்.

எல்.இ.டி.யும் எல்.டி.ஆரும் ஒரே உறைக்குள் இருக்கிற ரெடிமேட் சாமான் இப்போது லேசில் கிடைப்பதில்லை. எல்.டி.ஆருக்குள் இருப்பது கேட்மியம். நச்சு உலோகம் என்று ஐரோப்பா கட்டுப்படுத்திவிட்டது, பெரிய நிறுவனங்கள் தயாரிப்பை நிறுத்திவிட்டன. நான் ரிச்சி தெருவில் இருபது எல்.டி.ஆர். வாங்கி வந்து, ஒரே வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொன்றாக மீட்டரில் அளந்தேன். ஒரே பாக்கெட்டில் வந்தவை. ஒன்று காட்டிய அளவைப்போல இன்னொன்று கிட்டத்தட்ட இரண்டு மடங்கு காட்டியது. ஒன்றோடொன்று ஒத்துப்போகிற இரண்டைப் பொறுக்கி எடுக்க ஒரு சாயங்காலம் போனது.

பெட்டி எதுவென்றால், சுவருக்குள் சுவிட்ச் போர்டுக்காகப் பதிப்பார்களே, அந்த இரும்புப் பெட்டி. முதல் நாள் ஒலி வந்தது. ஆனால் அறையில் டியூப்லைட் போட்டால் ஒரு சத்தம், அணைத்தால் ஒரு சத்தம். அரைமணி நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டபின்தான் விளங்கியது: மூடி போடாத பெட்டிக்குள் எல்.டி.ஆர். டியூப்லைட்டையும் பார்த்துக்கொண்டிருந்தது. கறுப்பு இன்சுலேஷன் டேப் நாலு சுற்று, பிரச்சினை தீர்ந்தது.

அடுத்து பவர். பழைய பெட்டிக்கு இரண்டு 9 வோல்ட் பேட்டரி வேண்டும். நான் ஒரே அடாப்டரில் முடிக்க, கழித்தல் 9 வோல்ட்டை உண்டாக்கித் தரும் ஐசிஎல் 7660 போட்டேன். செத்தது. இன்னொன்று போட்டேன். அதுவும் செத்தது. போர்டைத் தூக்கிக்கொண்டு ஊரில் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் பெரியவரிடம் போனேன். ஊரே அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடும். அவர் என் போர்டைப் பார்க்கவே இல்லை. அடாப்டரை வாங்கி முள் மீட்டரில் வைத்தார். “ஒன்பதுன்னு எழுதியிருந்தா ஒன்பதாடா தம்பி? லோடு இல்லாம பதிமூணு காட்டுது பாரு.” அந்த ஐசி 10 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. டேட்டாஷீட்டில் நான் படித்த விஷயம்தான். அடாப்டரின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரையும் நான் படித்திருந்தேன். இரண்டையும் படித்தேன், எதையும் அளக்கவில்லை. அவர் மேசை டிராயரிலிருந்து ஒரு 7809 ரெகுலேட்டர் எடுத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

*

இப்போது சண்டைக்கு வருகிறேன்.

இந்தப் பெட்டியின் நடுவில் இருக்கும் ஃபில்டருக்கு ஸ்டேட் வேரியபிள் ஃபில்டர் என்று பெயர். கெர்வின், ஹூல்ஸ்மன், நியூகோம்ப் என்ற மூவர் 1967ல் வெளியிட்டது. இந்த ஃபில்டரை நான் ஏற்கெனவே வரைந்திருக்கிறேன். லீனியர் இன்டக்ரேட்டட் சர்க்யூட்ஸ் பேப்பரில், பதினாறு மார்க் கேள்விக்கு, ஸ்கேல் வைத்து, பென்சிலால். இரண்டு இன்டக்ரேட்டர், ஒரு சம்மிங் ஆம்ப், கீழே சமன்பாடு, சமன்பாட்டைச் சுற்றி ஒரு கட்டம். நல்ல மார்க். அது என்ன சத்தம் போடும் என்று நான் கேட்கவில்லை. சொல்லிக்கொடுத்தவரும் சொல்லவில்லை. அவருக்கும் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அதைக் காதால் கேட்க எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. அப்பா வீட்டு மாடியில் அது முதன்முதலாக “வ்வா” என்றபோது எனக்கு வந்தது சந்தோஷமில்லை, கோபம். இவ்வளவுதானா? இதையாடா ஒளித்து வைத்தீர்கள்?

எங்கள் லேபில் ஒரு சட்டம் உண்டு: தொடாதே. ஐசி போனால் ஃபைன். டிரெய்னர் கிட்டில் சொன்ன இடத்தில் சொன்ன ஒயரைச் சொருக வேண்டும், சொன்ன அலை வர வேண்டும். வராவிட்டால் சீனியர் ரெக்கார்டு நோட்டிலிருந்து வரைந்துகொள்ள வேண்டும். மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அந்த அறையில் இடமில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை மட்டுமே நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள். எல்லா லேபும் இப்படி என்று நான் சொல்லவில்லை. என் லேப் இப்படி. என்னோடு வேலை பார்ப்பவர்களிடம் கேட்டால் அவரவர் லேபும் இப்படியேதான் இருந்திருக்கிறது.

தொடாதே என்ற சொல்லுக்கு நம் மாவட்டங்களில் எவ்வளவு நீளமான வரலாறு இருக்கிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை. கையால் தொட்டு வேலை செய்பவன் கீழே, தொடாமல் காகிதத்தில் வரைபவன் மேலே என்ற அடுக்கை நாங்கள் கல்லூரிக்குள் புதிதாகக் கற்கவில்லை. வரும்போதே தூக்கிக்கொண்டுதான் வந்தோம். ஈயம் பற்றவைப்பவர் மெக்கானிக், பதினாறு மார்க்குக்கு வரைபவன் இன்ஜினியர். சம்பளமும் அப்படியே. பெண் கேட்டுப் போகும் இடத்தில் கிடைக்கும் மரியாதையும் அப்படியே. இன்றைக்கு என் ஆபீஸில் எவரும் தொடாத ஒரு பழைய மாட்யூல் இருக்கிறது. எழுதியவர் போய் ஆண்டுகள் ஆகின்றன. “ஓடுதுல்ல, கையை வைக்காத” என்பதுதான் அதற்கான மொத்த ஆவணமும். லேபிலிருந்து நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறோம்.

ஆக, அந்தக் கீபோர்டு அண்ணனிடம் பேசியது கிட்டார் ரசிகன் இல்லை. ஐசி போய்விடுமோ என்று பயந்த பையன்தான். ‘ஒரிஜினல்’ என்பது அந்தப் பயத்துக்குப் போட்ட நாகரிகமான சட்டை.

*

ஒரிஜினல் என்றால் எது? கொஞ்சம் தோண்டிப் பார்ப்போம்.

மியூ-டிரானின் ஃபில்டர் ஆகாயத்திலிருந்து இறங்கவில்லை. கில்ட் என்ற கிட்டார் நிறுவனத்துக்காக பைகல் ஒரு சிந்தசைசர் செய்துகொண்டிருந்தார். 1972ல் அதன் தலைவர் விமான விபத்தில் இறந்தார், திட்டம் நின்றுபோனது. நின்றுபோன திட்டத்திலிருந்து ஒரு பாகத்தைப் பிய்த்தெடுத்து, கால்மிதிப் பெட்டிக்குள் வைத்ததுதான் மியூ-டிரான் 3. ஆக இன்று ஒரிஜினல் என்று கும்பிடப்படுவதே ஒரு மாற்றிப் போட்ட வேலை.

அடுத்தது, எந்த ஒரிஜினல்? அந்தக் காலத்து ரெசிஸ்டர்கள் எழுதியிருப்பதிலிருந்து நூற்றுக்கு ஐந்தோ பத்தோ விலகும். எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள் அதைவிடவும் கூடுதலாக விலகும். எல்.டி.ஆர். கதையைத்தான் பார்த்தோமே. ஒரே நாளில் ஒரே மேசையில் செய்த இரண்டு பெட்டிகள் ஒரே மாதிரி பேசியிருக்காது. போதாததற்கு ஐம்பது வருஷத்தில் அந்தக் கெபாசிட்டர்களுக்குள் இருந்த திரவம் காய்ந்திருக்கும். இன்று ஒரு பழைய பெட்டியை வாங்கி “இதுதான் 1973ன் சத்தம்” என்று கண் மூடிக் கேட்பவர் கேட்பது, காய்ந்துபோன கெபாசிட்டரின் சத்தமாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

பழசில் ஒன்றுமே இல்லை என்று சொல்லவில்லை. எல்.டி.ஆர். மந்தமான சாமான். வெளிச்சம் மாறினால் அது மாறுவதற்குச் சில பத்து மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்கிறது, வெளிச்சம் போனபின் தடை திரும்ப ஏறுவது இன்னும் நிதானம். அந்தத் தயக்கத்தால் வாய் வழுக்கிக்கொண்டு திறந்து மூடுகிறது. வேகமான டிரான்சிஸ்டரைப் போட்டுச் செய்த ஃபில்டரில் அது வெடுக்கென்று இருக்கும். இதைக் காதால் கேட்கலாம், ஸ்கோப்பில் பார்க்கலாம். என் சண்டை இதோடு இல்லை. காரணம் இருக்கும் இடத்தில் ‘மேஜிக்’ என்று எழுதி பூட்டுப் போடுகிறவர்களோடுதான். ஒரு குறிப்பிட்ட வருஷத்து 4558 ஐசிக்குக் கோயில் கட்டுகிறவர்களோடுதான்.

மூன்றாவது விஷயம்தான் என்னை உட்கார வைத்தது. நிறுவனம் மூடிப் பல ஆண்டுகள் கழித்து, 1990களில், அதே பைகல் எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனத்துக்காக அதே ஃபில்டரை மறுபடி செய்தார். பெயர் க்யூ-டிரான். அதில் ஒரு புதிய சுவிட்ச் வைத்தார். பழைய பெட்டியில் கெயின் குமிழைத் திருகினால் ஒலியும் ஏறும், வாய் திறக்கும் அளவும் ஏறும். இரண்டும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. புதியதில் சுவிட்சை ஒரு பக்கம் போட்டால் ஒலி வந்த அளவிலேயே ஃபில்டருக்குள் போகும், குமிழ் வாயை மட்டும் கவனித்துக்கொள்ளும்.

விழுப்புரத்து அண்ணன் கேட்டது இதைத்தான். கிட்டாரை விடக் கீபோர்டிலிருந்து பத்து மடங்கு வரைக்கும் கூடுதலாகச் சிக்னல் வரும். கெயினை எவ்வளவு குறைத்தாலும் எல்.இ.டி. முழுசாக எரிந்துகொண்டே இருக்கும். “எப்பவும் வாயைத் தொறந்துகிட்டே கீது.” இதைவிடச் சுருக்கமாக, இதைவிடச் சரியாக அந்தக் கோளாறை நான் விளக்கியிருக்க முடியாது. பெட்டியைப் படைத்தவரே பின்னாளில் திருத்திக்கொண்ட இடத்தைப் பத்தாவது படித்த ஒருவர் நாலு கட்டையில் காதால் பிடித்துவிட்டார். நான் அவருக்கு ஒரிஜினலைப் பற்றிப் பாடம் எடுத்தேன். கூடவே “இது கிட்டாருக்குண்ணா” என்றும் சொல்லியிருந்தேன். ‘ஹையர் கிரவுண்ட்’ பாட்டில் அந்தப் பெட்டிக்குள் போவது கிட்டார் இல்லை, கிளாவினெட். அதுவும் கட்டை வைத்த வாத்தியம்தான்.

*

இதற்கு வரும் பதில்கள் எனக்குத் தெரியும்.

“முதலில் அப்படியே செய்யத் தெரியணும், அப்புறம்தானே மாற்றுவது?” சரி. சரளி வரிசை பாடாமல் யாரும் ராகம் பாட முடியாது. நானும் நகல்தான் முதலில் செய்தேன், அதில் தப்பில்லை. ஆனால் இருபது வருஷம் சரளி வரிசை மட்டும் பாடிவிட்டு, ஸ்வரம் மாறினால் பாவம் என்கிறவரை யாரும் வித்வான் என்பதில்லை.

“எல்லாம் ரெடிமேடா கிடைக்குதே, எதுக்கு இந்த வேலை?” கிடைக்கிறது. வாங்குங்கள். கிட்டார் வாசிக்கிறவர் ஈயம் பற்றவைத்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வாங்கிய பெட்டி உங்கள் கைக்கு ஒத்துவராதபோது, தப்பு உங்கள் கையில் இருப்பதாக நம்ப வேண்டியதில்லை.

“இது ஜுகாடு புராணம். ஏழ்மையை அழகாக்குகிறாய்.” இதற்குத்தான் உண்மையில் பயந்தேன். இல்லாததை வைத்து ஒப்பேற்றுவதை நான் புகழவில்லை. மெல்லிசை மேடைகளில் எர்த் இல்லாத மைக்கைப் பிடித்து ஷாக் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். 230 வோல்ட்டில் ஒப்பேற்றல் கொலை. நான் சொல்லும் மாற்றம், அளந்து, காரணம் கேட்டு, என்ன போகும் என்ன வரும் என்று தெரிந்து செய்வது.

சொல்லப்போனால், மாற்றிப் பார்த்தபின்தான் ஒரிஜினல் மேல் எனக்கு மரியாதையே வந்தது. அண்ணனின் இன்னொரு புகார், குத்துப்பாட்டு வேகத்துக்கு வாய் மூடுவதற்குள் அடுத்த கட்டை வந்துவிடுகிறது என்பது. எல்.இ.டி.க்கு முன்னால் இருக்கும் கெபாசிட்டரை 10 மைக்ரோவிலிருந்து 4.7க்குக் குறைத்தேன். வாய் வேகமாக மூடியது. ஆனால் கீழ் ஸ்தாயியில் கொரகொரவென்று தொண்டை கட்டிய சத்தம் வந்தது. ரெக்டிஃபையரிலிருந்து வரும் அலையைச் சமன்படுத்த அந்தச் சின்ன கெபாசிட்டரால் முடியவில்லை. பெரிய கெபாசிட்டர் ஏன் அங்கே இருந்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஒருவர் என்ன யோசித்திருப்பார் என்பது, அவர் போட்டதை நான் கழற்றிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கும்பிட்டுக்கொண்டே இருந்திருந்தால் இது கிடைத்திருக்காது.

எழுதுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் இருக்கிற இந்த இடத்தில் இதை எதற்குச் சொல்கிறேன் என்று கேட்கலாம். ஒரு பழைய ஆசானின் கதையில் இந்தப் பத்தி தளர்கிறது என்று இருபது வயசுப் பெண் ஒருத்தி சொன்னால் “முதல்ல நீ எழுதிக் காட்டு” என்று விழுகிறோமே, அதுவும் லேப் அசிஸ்டென்ட் குரல்தான். அவளுக்கு ஏதோ கேட்டிருக்கிறது. என்ன கேட்டது என்று முதலில் கேளுங்கள்.

*

மூன்று வாரம் கழித்து மறுபடி விழுப்புரம் போனேன். ஒரு டிஎல் 072க்குள் இரண்டு ஆம்ப் இருக்கும், என் போர்டில் அதில் ஒன்று சும்மா கிடந்தது. அதை வாய்க்கென்று தனியாகக் கொடுத்து, ஒரு வால்யூம் கன்ட்ரோல் வைத்திருந்தேன். இரண்டு ரெசிஸ்டர், நாலு ஒயர், நாற்பது நிமிஷ வேலை. குத்துப்பாட்டுக்கும் மெலடிக்கும் கெபாசிட்டரை மாற்றிக்கொள்ள ஒரு சுவிட்ச். பெட்டியில் ஓட்டை போட்டது திண்டிவனத்து ரேடியோ அண்ணனின் டிரில்லிங் மெஷின்.

மன்னிப்புக் கேட்கலாம் என்று வார்த்தையெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் அதற்குள் சொருகிவிட்டார். இடது கையில் பேஸ் பிடித்து, வலது கையால் வாசித்தார். ஓங்கினால் திறந்தது. தேய்ந்தால் மூடியது. புதுக் குமிழைக் கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் என்று திருகிக்கொண்டே இருந்தார்.

“இப்ப சொன்ன பேச்சு கேக்குது” என்றார். பிறகு பெட்டியைத் திருப்பிப் பார்த்து, “தம்பி, இந்தக் குமிழை இந்தப் பக்கம் வச்சிருந்தா வாசிச்சுகிட்டே எட்டும். மாத்திக் குடுக்கறியா?” என்றார்.

மாற்றிக் கொடுத்தேன்.